பூஞ்சணம் தரும் வெள்ளி

ஊவா மலைகளின் வரலாற்றைப் பூஞ்சணத்தை விடுத்து எழுதுதல் இயலாது. 1869ஆம் ஆண்டில் பதுளை மாவட்டத்து மடுல்சீமைப் பகுதியிலே, கோப்பிச் செடிகளின் இலைகளின் அடியில் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருக்கக் கண்டனர். தோட்டத் துரைமார் முதலில் அதனைப் பொருட்படுத்தினாரல்லர். ஆங்கில அறிஞர் பார்க்கிளி அத்தூளை ஆராய்ந்து, அஃது ஒரு பங்கசு என்று கண்டு, ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். பாழ்படுத்துவது என்பது அவ்விலத்தீன் சொல்லின் பொருள். பெயருக்கேற்ப, ஏறக்குறைய இருபது ஆண்டுகளுள் அது கோப்பிப் பயிர்த்தொழிலைப் பாழ்படுத்திற்று. கோப்பி வீழ்ந்த இடத்தில் தேயிலை எழுந்தது. கோப்பிப் பறிப்புக் காலத்தில் வந்து, அது முடிந்ததும் கடல் கடந்து ஊர் மீண்ட தொழிலாளருட் பெரும்பாலோர், ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டிய தேயிலை வந்தபின் லயங்களிலே நிலைத்தனர். கண்ணுக்குத் தெரியாத ஒரு பங்கசு ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்விடத்தையே மாற்றிவிட்டது எனலாம்.

அதன் பின்னரும் பங்கசு பகையாகவே இருந்து வந்துள்ளது. 1946இல் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தது. வெலிமடைச் சமவெளியிலே உருளைக்கிழங்கும் தக்காளியும் போஞ்சியும் பயிரிடுவோர், மழையும் பனியும் கூடிய நாட்களில் பங்கசு நாசினித் தெளிகருவியை முதுகினின்றும் இறக்குவதில்லை. தக்காளிச் செடி நின்ற நிலையிலே மஞ்சளித்து வாடுதற்குக் காரணமான கிருமிகளுள் ஒன்று பியூசேரியம் ஒக்சிஸ்போரம் என்னும் பங்கசாகும். அதன் பிறிதொரு வகையே உலகெங்கும் வாழைத் தோட்டங்களை அழித்தது. அதன் இனத்தைச் சேர்ந்த வேறு பங்கசுகள் களஞ்சியத்தில் வைத்த உருளைக்கிழங்கை உலரழுகலால் கெடுக்கின்றன.

இவ்வாறு உழவன் சபிக்கும் இதே பியூசேரியம், ஆய்வுகூடத்துக் கண்ணாடிக் குடுவையினுள்ளே மருத்துவத்துக்கு வேண்டிய ஒரு பொருளை ஆக்கித் தருகின்றது என்றால் நேயர்கள் வியப்படையலாம். அப்பொருள் வெள்ளி. பாத்திரமாகவும் கொலுசாகவும் நாம் அறிந்த வெள்ளியன்று அது. நனோ துணிக்கைகளாகிய வெள்ளி.

நனோமீற்றர் என்பது ஒரு மீற்றரை நூறு கோடிக் கூறாக்கினால் வரும் ஒரு கூறு. தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 80 ஆயிரம் நனோமீற்றர். ஒன்று முதல் நூறு நனோமீற்றர் வரை அளவுள்ள துணிக்கைகளையே நனோ துணிக்கைகள் என்கின்றனர். இத்துணைச் சிறுமையால் விளையும் பயன் யாது? ஒரு சிறு கணக்கு அதனைத் தெளிவாக்கும். ஒவ்வொரு பக்கமும் ஒரு சென்ரிமீற்றர் நீளமுள்ள வெள்ளிக் கட்டி ஒன்றை எடுத்துக்கொள்க. அதன் நிறை பத்தரைக் கிராம். ஒரு பவுணினும் மிகுதி. அதன் மேற்பரப்பு ஆறு சதுர சென்ரிமீற்றர் மாத்திரமே. ஓர் அஞ்சல் முத்திரையின் அளவு எனலாம். அதே கட்டியைப் பத்து நனோமீற்றர்ப் பக்கமுள்ள கட்டிகளாக வெட்ட முடியுமாயின், அவற்றின் மேற்பரப்புகள் அனைத்தும் சேர்ந்து 600 சதுர மீற்றராகும். காணிக் கணக்கிற் சொன்னால் ஏறத்தாழ 24 பேர்ச்சு. தோட்டத்து வீடமைப்புக்கென வழங்கப்பட்ட ஏழு பேர்ச்சுக் காணித் துண்டுகள் மூன்றையும் மூடி, மீதியும் இருக்கும். நிறை மாறவில்லை, வெளியே தெரியும் முகமே பத்து இலட்சம் மடங்காகின்றது. கிருமியைத் தொடுவது வெள்ளியின் முகமேயாதலின், சிறிதளவு வெள்ளி பெரிதளவு வேலை செய்கின்றது.

வெள்ளி கிருமியை அடக்கும் என்பது இன்று நேற்றுக் கண்ட உண்மையன்று. 1880ஆம் ஆண்டளவில் செருமனியின் லைப்சிக் நகரத்து மகப்பேற்று மருத்துவர் கார்ல் கிரெடே, பிறந்த குழந்தையின் கண்ணில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலை ஒரு துளி இடும் வழக்கத்தைத் தொடக்கினார். தாயிடமிருந்து தொற்றிக் குழந்தையின் பார்வையைப் பறித்த நோய் அதனால் பெரிதும் தணிந்தது. 1968இல் அமெரிக்க அறிஞர் சார்ல்ஸ் பொக்ஸ், வெள்ளியையும் சல்பாடயசீன் என்னும் மருந்தையும் இணைத்துத் தீப்புண்ணுக்குரிய களிம்பை ஆக்கினார். அடுப்பங்கரையில் வெந்த கையோடு மருத்துவமனைக்குச் செல்வோருக்கு இடப்படும் வெண்ணிறக் களிம்பு பல இடங்களில் அதுவே. 1990களின் இறுதியில், மிக நுண்ணிய வெள்ளிப் பளிங்குகள் படிந்த கட்டுத்துணிகளும் மருத்துவ உலகில் வழங்கலாயின.

வெள்ளியினின்றும் பிரியும் அயன்கள் பற்றீரியாவின் சுவரிலும் உள்ளிருக்கும் புரதங்களிலும் ஒட்டிக்கொள்கின்றன. கந்தகம் பொருந்திய புரதங்களை அவை சிறப்பாகப் பற்றும். அதனால் பற்றீரியாவின் சுவாசம் தடைப்படுகின்றது. கதவும் பூட்டும் கெட்ட வீடுபோல அதன் சுவர் காவலிழக்கின்றது. ஒரே இடத்தைத் தாக்கும் மருந்து போலன்றிப் பல இடங்களை ஒருங்கே தாக்குதல் வெள்ளியின் இயல்பு.

இத்துணிக்கைகளை ஆக்கும் பழைய முறை இரசாயன முறையாகும். வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் வெள்ளி அயன்களாக இருக்கின்றது. ஒவ்வோர் அயனுக்கும் ஓர் இலத்திரனைக் கொடுத்தால் அது மீண்டும் உலோகமாகும். அவ்விலத்திரனைக் கொடுக்கச் சோடியம் போரோஐதரைட்டு, ஐதரசீன் முதலியவற்றைப் பயன்படுத்துவர். ஐதரசீன் கொடிய நஞ்சு. ஆக்கிய துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாதிருக்க வேறு பொருள்களையும் சேர்த்தல் வேண்டும். இரசாயன முறைகள் யாவும் நச்சுமுறைகள் என்று கூறுதல் நியாயமன்று. எலுமிச்சைப் புளிப்பின் உப்பாகிய சித்திரேற்றைக் கொண்டும் வெள்ளித் துணிக்கை செய்வர். ஆயின் அதற்குக் கரைசலைக் கொதிக்க வைத்தல் வேண்டும். நஞ்சும் நெருப்பும் வேண்டாத வழி உண்டா என்று ஆராய்ந்தவர்களே பங்கசின் வாயிலைத் தட்டினர்.

இந்தியாவின் புனே நகரிலுள்ள தேசிய இரசாயன ஆய்வுகூடத்தில் முரளி சாஸ்திரி, அப்சார் அகமது, பிரியப்பிரத முகர்ஜி முதலிய ஆய்வாளர் இத்துறையில் முன்னோடிகள். 2001இல் வேட்டிசீலியம் என்னும் பங்கசு வெள்ளி அயனை உலோகத் துணிக்கையாக்கித் தன் கலங்களிலேயே பதித்துக்கொள்வதை அவர்கள் வெளியிட்டனர். வெள்ளி கிடைத்தது, ஆயின் பங்கசின் உடலினுள் அகப்பட்டுக் கிடந்தது. பெட்டியைத் திறக்கப் பெட்டியையே உடைக்க வேண்டிய நிலை அது. 2003இல் அதே குழுவினர் பியூசேரியம் ஒக்சிஸ்போரத்தைக் கொண்டு செய்த ஆய்வை வெளியிட்டனர். இப்பங்கசு தான் சுரக்கும் பொருள்களை வெளி நீரிலே விடுவதால், வெள்ளித் துணிக்கைகளும் வெளியிலேயே தோன்றின. அவற்றின் அளவு 5 முதல் 15 நனோமீற்றர். அடுப்புமில்லை, நச்சு இரசாயனமுமில்லை.

இதன் செய்முறையும் எளிமையானதே. பங்கசை ஊட்டநீரில் வளர்ப்பர். வெண்பஞ்சு போல அது திரண்டதும் வடித்தெடுத்து, ஊட்டநீர் எஞ்சாதவாறு பலமுறை கழுவித் தூய நீரில் இடுவர். அந்நீரில் பங்கசு தன் நொதியங்களையும் புரதங்களையும் கசியவிடும். பின்னர் மிகச் சிறிதளவு, அதாவது ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 0.17 கிராம் என்ற கணக்கில், வெள்ளி நைத்திரேற்றைச் சேர்த்து இருளில் வைப்பர். பங்கசை வடித்து நீக்கிவிட்டு எஞ்சிய நீரில் வெள்ளியைச் சேர்க்கும் முறையும் உண்டு. மணிகள் கழிய, சில வேளைகளில் நாட்கள் கழிய, வெளிறிய நீர் மெல்ல மெல்லக் கபில நிறம் கொள்ளும். தேநீர்க் கோப்பையில் சாயம் இறங்குவது போன்ற காட்சி அது. வெள்ளி வெண்ணிறமுடையதாயிற்றே, நீர் ஏன் கபிலமாயிற்று? உலோகம் நனோ அளவிற்குச் சிறுக்கும்போது ஒளியோடு அதன் உறவு மாறிவிடுகின்றது. நீலத்தை அடுத்த ஒளியை வெள்ளித் துணிக்கைகள் தம்பால் ஈர்த்துக்கொள்கின்றன. பொன் நுண்துணிக்கையானால் மாணிக்கம் போலச் சிவக்கும் என்பதனை மைக்கேல் பரடே 1857இலேயே ஆராய்ந்து கூறினார்.

பங்கசு இவ்வேலையை மனிதனுக்காகச் செய்யவில்லை. வெள்ளி அயன் அதற்கும் நஞ்சே. அந்நஞ்சை உலோகமாக மாற்றித் தன்னைக் காத்துக்கொள்கின்றது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. மேலும், பங்கசின் புரதங்களே ஒவ்வொரு துணிக்கையையும் போர்வை போல மூடி, அவை தம்முள் ஒட்டாமற் காக்கின்றன. இரசாயன முறையில் இரு வேறு பொருள்கள் செய்யும் தொழிலை இங்கு ஓர் உயிரே செய்துவிடுகின்றது.

புனேயில் ஏற்றிய விளக்கு விரைவிலேயே பிற இடங்களுக்கும் ஒளி தந்தது. மகாராட்டிரத்து அமராவதிப் பல்கலைக்கழகத்தில் மகேந்திர ராய் குழுவினர், நோயுற்ற இஞ்சியினின்றும் எடுத்த பியூசேரியம் இனப் பங்கசு ஒன்றைக் கொண்டு வெள்ளித் துணிக்கை ஆக்கி, அது மனிதர்க்கு நோய் தரும் பற்றீரியாக்களை அடக்குதலை 2008இல் வெளியிட்டனர். தமிழகத்திலே சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு நடுவத்தைச் சேர்ந்த பாலாஜி, முகமது பயாஸ், கலைச்செல்வன் முதலியோர் டிரைக்கோடேர்மா விரிடே என்னும் பங்கசைத் தேர்ந்தனர். வேர் நோய் தரும் பங்கசுகளை மண்ணிலேயே அடக்குவதால், பயிர்ச்செய்கையாளர் நண்பனாகக் கொள்ளும் பங்கசு இது. இதன் வெள்ளித் துணிக்கைகளை வழக்கிலுள்ள நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளோடு சேர்த்துச் சோதித்தபோது, அம்மருந்துகளின் ஆற்றல் கூடிற்று என்றும், அம்பிசிலின் என்னும் மருந்தில் அக்கூடுதல் மிகுதி என்றும் 2010இல் அவர்கள் அறிவித்தனர்.

இச்சேர்க்கையே இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை. 1928இல் அலெக்சாந்தர் பிளெமிங் பென்சிலினைக் கண்டதும் ஒரு பங்கசிலிருந்தே. தேவைக்குக் குறைவாக உண்டால் மருந்துக்கு அஞ்சாத கிருமிகள் தோன்றும் என்று 1945ஆம் ஆண்டு நோபெல் உரையிலேயே அவர் எச்சரித்தார். எச்சரிக்கை பலித்துவிட்டது. மருந்துக்கு அடங்காத பற்றீரியாத் தொற்றே நேர்க் காரணமாக 2019ஆம் ஆண்டில் உலகில் ஏறக்குறைய 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என 2022இல் வெளிவந்த ஒரு பேராய்வு மதிப்பிட்டது. இஃது எங்கோ நிகழும் செய்தியன்று. கவ்வாத்துக் கத்தி பட்ட கால், அட்டை கடித்துச் சொறிந்த புண், விறகடுப்பில் வெந்த கை, நீரிழிவால் ஆறாத பாதம் என மலையகத்துப் புண்கள் பலவகை. இரண்டு நாள் மருந்துண்டு, காய்ச்சல் தணிந்ததும் மீதி வில்லைகளை அடுத்த நோய்க்கென முடிந்து வைக்கும் வழக்கமும் வீடுதோறும் உண்டு. பழைய மருந்துகள் தோற்கும்போது, அவற்றிற்குத் துணைநிற்கும் ஒரு பொருள் மலிவாகவும் நச்சின்றியும் கிடைக்குமாயின், முதற்பயன் பெறுவோர் மருத்துவமனைக்குப் பல கட்டை நடந்து செல்லும் ஏழைகளேயாவர்.

ஆயினும் இங்கே நின்று நிதானித்தல் வேண்டும். பசுமை என்ற சொல்லின் விலையை வெலிமடை உழவர் நன்கறிவர். பல்லாண்டுகள் அளவின்றித் தெளித்த நஞ்சு மண்ணையும் நீரையும் கெடுத்ததையும் கண்டார்கள். 2021இல் இரசாயன உரமும் விவசாய இரசாயனமும் இறக்குமதி செய்தல் ஒரேயடியாகத் தடுக்கப்பட்டு, பயிர் குன்றி, அதே ஆண்டின் இறுதியில் அத்தடை நீக்கப்பட்டதையும் கண்டார்கள். நோக்கம் நல்லதாயினும், சோதித்தறியாத பசுமை துன்பம் தரும் என்பது அவர்கள் வயலிற் கற்ற பாடம். அப்பாடம் வெள்ளிக்கும் பொருந்தும். ஆக்கும் வழி தூயதாகலாம். ஆக்கப்பட்ட பொருள் அதனாலேயே தீங்கற்றதாகிவிடாது. விறகுக்குப் பதிலாகச் சூரிய ஒளியிற் காய்ச்சினாலும் நஞ்சு நஞ்சே.

முதலாவது, பற்றீரியாவைக் கொல்லும் வெள்ளி நன்மை செய்யும் நுண்ணுயிர்களையும் விடாது. நீரிற் கலந்தால் பாசிக்கும் மீனுக்கும் நீர்த்தெள்ளுக்கும் அது கேடு. வெலிமடை வழியே பாயும் ஊமா ஓயா ரந்தம்பையில் மகாவலியோடு கூடித் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவைச் சேர்கின்றது. அதன் நீரில் ஒரு பகுதி, வெலிமடையை அடுத்த புகுல்பொல அணையினின்றும், 2024இல் திறக்கப்பட்ட திட்டத்தின் சுரங்கவழியே கிரிந்தி ஓயாப் பக்கம் திருப்பப்படுகின்றது. ஆகவே மேலே ஒருவர் கழுவி ஊற்றுவதைக் கீழே இரு திசையினரும் குடிக்க நேரும். பிரேசில் நாட்டின் கம்பினாஸ் பல்கலைக்கழகத்து நெல்சன் துரான் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் போற்றத் தக்கது. பியூசேரியம் தந்த வெள்ளியைப் பருத்தித் துணியில் ஏற்றி, புண்ணைச் சீழாக்கும் ஸ்ரபிலோகொக்கசு ஓரியசு என்னும் பற்றீரியாவை அத்துணி அடக்குதலைக் காட்டியதோடு அவர்கள் அமையவில்லை. துணியைக் கழுவிய நீரிற் கலந்த வெள்ளியை நீக்குதற்கும் வேறொரு பற்றீரியாவைப் பயன்படுத்தினர். ஆக்கிய கையே கழிவையும் அள்ளிற்று. பசுமை என்பதன் முழுப்பொருள் அதுவே.

இரண்டாவது, பியூசேரியம் வெள்ளி தருவதால் மட்டும் சாதுவாகிவிடாது. அதன் இனத்துப் பங்கசுகள் பயிரை மாத்திரமன்றி, காயம்பட்ட மனிதக் கண்ணையும் பற்றிப் பார்வையைக் கெடுக்க வல்லவை; அவற்றுட் சில நச்சுப்பொருள்களையும் சுரக்கும். உருளைக்கிழங்கு விளையும் பூமியில் அதனைப் பெருந்தொகையாக வளர்ப்பதாயின் கடுங்காவல் வேண்டும். அதனினும் சென்னை ஆய்வாளர் காட்டிய வழி, அதாவது பயிருக்கு நண்பனான பங்கசைத் தேர்தல், ஊவா போன்ற நிலத்துக்குப் பொருத்தமானது.

மூன்றாவது, வெள்ளிக்கும் அஞ்சாத பற்றீரியா தோன்றல் கூடும். 1975ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் பொஸ்ரன் நகர மருத்துவமனை ஒன்றில், தீப்புண் நோயாளரிடையே வெள்ளிக்கு அடங்காத சல்மொனெல்லா காணப்பட்டது. எனவே தேவையற்ற காலுறையிலும் சலவைத் தூளிலும் வெள்ளியைத் தூவி விரயமாக்கினால், தேவையான புண்ணுக்கு அது உதவாமற் போகலாம். பென்சிலினுக்கு நேர்ந்தது வெள்ளிக்கும் நேரவிடுதல் தகாது.

நான்காவது, ஆய்வுகூடத் தட்டில் பற்றீரியா மடிவது வேறு. மனித உடலில் நோய் தீர்வது வேறு. எவ்வளவு வெள்ளி எவ்வுறுப்பிற் சென்று தங்கும், எத்தனை நாளில் வெளியேறும் என்பன விலங்குகளிலும் பின்னர் மனிதரிலும் முறைப்படி ஆராயப்பட வேண்டியவை. ஒவ்வொரு முறை வளர்க்கும்போதும் பங்கசு ஒரே அளவான துணிக்கைகளைத் தருதலும் எளிதன்று. மருந்தென்றால் இன்றைய குப்பியும் நாளைய குப்பியும் ஒன்றாயிருத்தல் வேண்டும். வெள்ளிநீர் என விற்கப்படுவதை வாங்கிக் குடிப்பது பெருந்தவறு. நெடுநாள் வெள்ளி உட்கொண்டோரின் தோல் நீலச்சாம்பல் நிறமாகி, அந்நிறம் வாழ்நாள் முழுதும் மாறாதிருத்தல் மருத்துவ நூல்கள் அறிந்த உண்மை. இவ்வாறு கடையில் விற்கும் வெள்ளிப் பானங்களைப் பாதுகாப்பும் பயனும் உள்ளனவாக ஏற்க இயலாது என அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 1999இல் விதித்தது. குழந்தைக்கு வெள்ளிப் பாலாடையிற் பால் புகட்டும் வழக்கத்தை இதனோடு குழப்புதலும் வேண்டா. பாத்திரத்து வெள்ளி வேறு, துணிக்கை வெள்ளி வேறு.

இத்தகைய ஆராய்ச்சிக்கு இலங்கையில் இடமுண்டா எனின், உண்டு. இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவகம் 2008இல் தோன்றி, ஹோமாகமையிலே இயங்கி வருகின்றது. பதுளையிலே 2005இல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் அமைந்தது. இவற்றினும் பெரிய செல்வம் காலடியில் இருக்கின்றது. தேயிலை வேரடியிலும் பற்றைக்காட்டுச் சருகிலும் வயல் வரம்பிலும் வாழும் பங்கசுகள் எத்தனை எத்தனை! வெளிநாட்டிலிருந்து விலை கொடுத்து வாங்க வேண்டிய இயந்திரமன்று பங்கசு. மண்ணிலிருந்து பிரித்தெடுத்து, இனமறிந்து, நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்கப் பழகிய கண்களே முதலில் வேண்டும். அக்கண்கள் லயங்களிலிருந்தும் வெலிமடை வயலோரக் குடில்களிலிருந்தும் பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு இல்லையெனக் கூற யாராலும் இயலாது. தோட்டத்துப் பாடசாலைகளில் விஞ்ஞான ஆய்வுகூடமும் அதனை நடத்த வல்ல ஆசிரியரும் அமைவதிலேயே, அக்கண்கள் திறப்பதும் திறவாதிருப்பதும் தங்கியுள்ளது.

1869இல் மடுல்சீமையிலே இலையின் அடியிற் படிந்த தூளை எவரும் காலத்தாற் கவனிக்கவில்லை. அறியாமைக்கு ஒரு தொழில் முழுவதும் விலையாயிற்று. இன்று அப்பங்கசுக் குலத்தினிடமிருந்தே மருந்துக்கு உதவும் ஒரு பொருளைப் பெறும் அறிவு கைக்கு எட்டியுள்ளது. அதனை அவசரத்தால் கெடுத்தலும் பிழை; அச்சத்தால் தள்ளுதலும் பிழை. பங்கசு தரும் வெள்ளி புண்ணை ஆற்றுமா என்று கேட்கும் மருத்துவரும், ஆற்றைக் கெடுக்குமா என்று கேட்கும் உழவரும் ஒரே மேசையில் அமர்ந்து, இருவர் வினாவுக்கும் விடை கண்ட பின்னரே அதனை நல்ல மருந்தென்று கொள்ளுதல் தகும்.